எந்திரத்துக்குச் சீட்டு எழுதிய மேதை: ஆலன் டூரிங் வாழ்க்கைக் கதை

கம்ப்யூட்டர் இல்லாத இடம் இன்று இல்லை. ரெயில் டிக்கெட் எடுக்கக் கம்ப்யூட்டர். பாங்கில் பணம் எடுக்கக் கம்ப்யூட்டர். ஆஸ்பத்திரியில் நோயாளியின் இதயத் துடிப்பைக் கவனிக்கவும் கம்ப்யூட்டர்.

இந்த எந்திரங்களுக்குச் சுயமாக எதுவும் தெரியாது. யாரோ ஒருவர் எழுதி வைத்த கட்டளைகளைத்தான் அவை செய்கின்றன.

கட்டளையை எழுதும் நேரம் ஒன்று. அது நிறைவேறும் நேரம் வேறு. இடையில் எத்தனையோ மாறிப் போகலாம். ஆனாலும் வேலை பிசகாமல் நடக்க வேண்டும்.

இந்தக் கலைக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் முதல்வர் ஆலன் டூரிங் என்ற ஆங்கிலேயர். 41 வயது வரைதான் வாழ்ந்தார். உலக யுத்தத்தில் தன் நாட்டைக் காப்பாற்ற உதவினார். அதே நாடு பிறகு அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது.

அவருக்கும் தமிழ்நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அவருடைய தாயார் பிறந்த ஊர், கோவையை அடுத்த போத்தனூர்!

போத்தனூரில் பிறந்த தாயார்

டூரிங்கின் தாய்வழிப் பாட்டனார் பெயர் எட்வர்டு வாலர் ஸ்டோனி. மெட்ராஸ் ரெயில்வேயில் தலைமை என்ஜினீயராக இருந்தவர். துங்கபத்திரை ஆற்றின் குறுக்கே ரெயில் பாலம் கட்டியவர். சத்தம் போடாமல் சுற்றும் பங்கா சக்கரம் ஒன்றையும் கண்டுபிடித்தார்.

அவருடைய மகள் எதல் சாரா. 1881-ம் ஆண்டு போத்தனூரில் பிறந்தார். அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் படித்துவிட்டு, குன்னூரில் இருந்த பெற்றோரிடம் திரும்பி வந்தார்.

தந்தையார் ஜூலியஸ் டூரிங். ஐ.சி.எஸ். தேறி, சென்னை மாகாணத்தில் உத்தியோகம் பார்த்தவர். 1907-ம் ஆண்டு விடுமுறையில் தாய்நாடு செல்லும்போது கப்பலில் எதலைச் சந்தித்தார். அதே ஆண்டு இருவருக்கும் டப்ளின் நகரில் திருமணம் நடந்தது.

மூத்த மகன் ஜான் 1908-ல் குன்னூரில் பிறந்தான். இரண்டாவது பிள்ளைதான் ஆலன். அப்போது தந்தைக்குக் கஞ்சம் ஜில்லா சத்ரபூரில் வேலை. அந்த ஊர் அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. இன்று ஒடிசாவில் இருக்கிறது. பிரசவத்துக்காகத் தாயார் லண்டன் சென்றார். 1912-ம் ஆண்டு ஜூன் 23-ந்தேதி ஆலன் பிறந்தான்.

இந்தியாவின் வெயில் பிள்ளைகளுக்கு ஆகாது என்று பெற்றோர் நினைத்தனர். ஆகவே இரண்டு மகன்களையும் இங்கிலாந்தில், கடற்கரை ஊர் ஒன்றில், ஓய்வு பெற்ற கர்னல் ஒருவர் வீட்டில் விட்டனர். தந்தை சென்னை மாகாணத்துக்குத் திரும்பினார். தாயார் இங்கும் அங்குமாக இருந்தார்.

தாய் தந்தை ஒரு கண்டத்தில். பிள்ளைகள் வேறு கண்டத்தில். கடிதம் ஒன்றுதான் இடையில் பாலம். ஆலனின் குழந்தைப் பருவம் இப்படிக் கழிந்தது.

சைக்கிளில் பள்ளிக்கூடம்

1926-ம் ஆண்டு ஷெர்போர்ன் என்ற ஊரில் உள்ள பெரிய பள்ளிக்கூடத்தில் ஆலனுக்கு இடம் கிடைத்தது. பள்ளி திறக்கும் நேரத்தில் இங்கிலாந்து முழுவதும் வேலை நிறுத்தம். ரெயில் ஓடவில்லை.

பிரான்சில் இருந்து கப்பலில் வந்து சௌதாம்ப்டன் துறைமுகத்தில் இறங்கிய ஆலன், சைக்கிளை எடுத்தான். சுமார் 100 கிலோ மீட்டர் தூரம்! வழியில் ஒரு விடுதியில் இரவைக் கழித்தான். மறுநாள் பள்ளி வாசலில் போய் நின்றான். அப்போது அவனுக்கு வயது 13.

பள்ளியில் நல்ல பெயர் வாங்கவில்லை. கையெழுத்து கோழி கிளறியது போல் இருக்கும். நோட்டுப் புத்தகம் முழுவதும் மைக்கறை. இலக்கியம், லத்தீன் எதுவும் ஏறவில்லை. கணக்கும் விஞ்ஞானமும் மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்காமலே வந்தன.

அங்கே அவனுக்கு ஒரே ஒரு உயிர் நண்பன் கிடைத்தான். பெயர் கிறிஸ்டோபர் மோர்காம். இருவரும் நட்சத்திரங்களைப் பற்றிப் பேசுவார்கள். கணக்குப் புதிர்களைப் பரிமாறிக் கொள்வார்கள்.

1930-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் கிறிஸ்டோபர் காசநோயால் இறந்து போனான். ஆலன் நிலைகுலைந்தான். நண்பன் செய்ய நினைத்ததை எல்லாம் இனி நான் செய்ய வேண்டும் என்று உறுதி எடுத்துக் கொண்டான். மனிதனின் மனம் எப்படி வேலை செய்கிறது, அது உடம்பில் எங்கே குடியிருக்கிறது என்ற கேள்வி அன்று முதல் அவனை விடவில்லை.

புல்வெளியில் பிறந்த எந்திரம்

1931-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1934-ல் முதல் வகுப்பில் தேறினார். 1935-ல் அதே கல்லூரி அவரைத் தன் ஆராய்ச்சியாளராக ஏற்றுக் கொண்டது. அப்போது வயது 22.

அந்த ஆண்டு மாக்ஸ் நியூமன் என்ற பேராசிரியர் கணக்கில் தீராத ஒரு கேள்வியைப் பற்றி வகுப்பு எடுத்தார். எந்தக் கணக்கைக் கொடுத்தாலும், அது நிரூபிக்கக் கூடியதா இல்லையா என்று சொல்லிவிட ஒரு பொதுவான முறை உண்டா? இதுதான் கேள்வி.

டூரிங்குக்கு மைதான ஓட்டத்தில் பிரியம். ஒரு நாள் நெடுந்தூரம் ஓடிவிட்டுப் புல்வெளியில் படுத்திருந்தபோது அவருக்கு யோசனை பிறந்தது. முறை என்றால் என்ன? ஒரு எந்திரம் கண்ணை மூடிக்கொண்டு செய்யக் கூடிய காரியம்தானே?

மனதுக்குள்ளேயே ஒரு எந்திரத்தைக் கட்டினார். அதில் நீளமான நாடா ஒன்று. நாடாவில் கட்டங்கள். எந்திரம் ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தைப் பார்க்கும். எழுதும் அல்லது அழிக்கும். இடமோ வலமோ ஒரு கட்டம் நகரும். அவ்வளவுதான்.

பிறகு அவர் செய்ததுதான் பெரிய காரியம். ஒரு எந்திரம் என்னென்ன செய்யும் என்பதையே எண்களாக எழுதி, அந்த எழுத்தை நாடாவில் வைத்து, இன்னொரு எந்திரத்திடம் கொடுக்கலாம் என்றார். அந்த இரண்டாவது எந்திரம் அதைப் படித்து, முதல் எந்திரம் செய்யும் எல்லாவற்றையும் தானே செய்துவிடும்!

செயல் என்பது கையில் எடுத்துக் கொடுக்கக் கூடிய பொருளாகிவிட்டது. 1936-ல் இந்தக் கட்டுரை வெளிவந்தது. உலகத்தில் அப்போது ஒரு கம்ப்யூட்டர் கூடக் கிடையாது.

செம்பாக்கத்து மளிகைச் சீட்டு

இது புரியக் கடினமாக இருக்கிறதா? தாம்பரத்துக்குப் பக்கத்தில் உள்ள செம்பாக்கத்துக்கு வாருங்கள். ஏரியும் வயலுமாக இருந்த ஊர். 2021-ல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்தது. தாம்பரம் - வேளச்சேரி சாலையில் காலையில் பார்த்தால், கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்குப் போகும் பிள்ளைகள் பலரைக் காணலாம்.

உங்கள் மகன் என்ன வேலை பார்க்கிறான் என்று அங்கே ஒரு தாயாரைக் கேட்டால், கம்ப்யூட்டர் வேலை என்பார். அதற்கு மேல் சொல்லத் தெரியாது. ஆனால் மகன் ஆபீசில் செய்யும் வேலையை அந்தத் தாயார் வீட்டிலேயே செய்து கொண்டுதான் இருக்கிறார்.

மளிகைக் கடைக்குச் சீட்டு எழுதுகிறார் அல்லவா? அரிசி 5 கிலோ, துவரம் பருப்பு 1 கிலோ, நல்லெண்ணெய் அரை லிட்டர். கூடவே வீட்டு விலாசம். இவற்றை எழுதிக் கடையில் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார். மாலையில் கடைப் பையன் சாமானைக் கொண்டு வந்து போடுகிறான்.

அந்தச் சீட்டில் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, என்ன செய்ய வேண்டும். மற்றொன்று, யாருக்குச் செய்ய வேண்டும். இரண்டும் சேர்ந்திருந்தால் சீட்டு யார் கைக்குப் போனாலும், எப்போது எடுத்தாலும், வேலை நடக்கும்.

கம்ப்யூட்டர் எழுத்தாளர்கள் வீட்டுக்கு வைத்திருக்கும் பெயர் ஆப்ஜெக்ட். அந்த வீட்டுக்கு உரிய வேலைக்குப் பெயர் மெதட். வேலையையும் வீட்டையும் சேர்த்து ஒரே சீட்டில் கட்டுவதற்குப் பெயர் பைண்டு. அப்படிக் கட்டிய சீட்டுதான் பங்ஷன் ஆப்ஜெக்ட். பட்டனை அழுத்தினால் பாட்டு வருவதும், நேரம் வந்தால் அலாரம் அடிப்பதும் இத்தகைய சீட்டுகளால்தான்.

ஆனால் சீட்டைக் கொடுத்த பிறகு அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்துவிட்டால்? பையன் பூட்டிய கதவின் முன் நிற்பான். அதே வீட்டில் வேறு குடும்பம் வந்திருந்தால் இன்னும் மோசம். சாமான் அவர்களிடம் போகும். கணக்கு வேறொருவர் தலையில் ஏறும்.

கம்ப்யூட்டரிலும் இதேதான். வேலை முடிந்த ஆப்ஜெக்டின் இடத்தை எந்திரம் வேறு ஒன்றுக்குக் கொடுத்துவிடும். பழைய சீட்டு மட்டும் எங்கேயோ மிச்சம் இருக்கும். அது ஒரு நாள் நிறைவேறினால், எந்திரம் படுத்துவிடும். அல்லது சத்தமில்லாமல் தப்பான இடத்தில் தப்பான எண்ணை எழுதும். திருடர்கள் கம்ப்யூட்டருக்குள் நுழையவும் இப்படிப்பட்ட பழைய சீட்டுகள் வழி திறந்து விடுவதுண்டு.

இந்த ஆபத்து எந்த மாதிரியானது என்பதை டூரிங் தம் வாழ்க்கையிலேயே பார்த்தார். அது யுத்த காலத்துக் கதை.

எதிரியின் ரகசிய எழுத்து

1936-ல் டூரிங் அமெரிக்கா சென்றார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அலான்சோ சர்ச் என்ற பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்து, 1938-ல் டாக்டர் பட்டம் பெற்றார். சர்ச்சும் அதே தீராத கேள்விக்கு வேறு வழியில் விடை கண்டவர். செயல்களைக் குறிக்க அவர் லாம்டா என்ற கிரேக்க எழுத்தைப் பயன்படுத்தினார். இன்றும் பல கம்ப்யூட்டர் மொழிகளில், பெயரில்லாத சிறு சீட்டுக்கு லாம்டா என்றே பெயர்.

டூரிங் தாய்நாடு திரும்பிய மறு வருடம் யுத்தம் மூண்டது. 1939 செப்டம்பர் 4-ந்தேதி, பிளெட்ச்லி பார்க் என்ற மாளிகைக்கு வேலைக்குப் போனார். எதிரியின் ரகசியச் செய்திகளை உடைக்கும் கூடம் அது. வெளியே யாருக்கும் அதன் விவரம் தெரியாது.

ஜெர்மானியர் எனிக்மா என்ற எந்திரத்தால் செய்திகளை மறைத்து அனுப்பினார்கள். அதை அமைக்கும் விதங்கள் 15 லட்சம் கோடி கோடிக்கும் மேல்! அமைப்பைத் தினந்தோறும் மாற்றினார்கள். அதை முதலில் உடைத்தவர்கள் போலந்து நாட்டுக் கணித மேதைகள். யுத்தத்துக்குச் சில வாரங்கள் முன்பு அவர்கள் தங்கள் ரகசியங்களை இங்கிலாந்துக்குக் கொடுத்தனர்.

அதன் மேல் டூரிங் கட்டினார். பாம்ப் என்ற பெரிய எந்திரத்தைத் திட்டமிட்டார். கார்டன் வெல்ச்மன் என்ற நண்பர் அதை மேலும் சிறப்பாக்கினார். 1940 மார்ச் மாதம் முதல் பாம்ப் ஓடத் தொடங்கியது. யுத்தம் முடிவதற்குள் 200-க்கு மேல் பாம்ப்கள் ஓடின.

ஜெர்மன் கடற்படையின் செய்திகள் மிகக் கடினமானவை. யாரும் அதைத் தொடத் துணியவில்லை. யாரும் தொடாததால் தானே எடுத்துக் கொண்டார் டூரிங். அட்லாண்டிக் கடலில் உணவுக் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்து வந்த நேரம் அது. செய்திகள் உடைபட்டதும், நீர்மூழ்கிகள் காத்திருக்கும் இடங்களை விட்டுக் கப்பல்களை விலக்கி ஓட்ட முடிந்தது.

ஆள் போதவில்லை என்று மேலதிகாரிகள் கேட்காதபோது, டூரிங்கும் மூன்று நண்பர்களும் 1941 அக்டோபரில் பிரதமர் சர்ச்சிலுக்கே நேராகக் கடிதம் எழுதினார்கள். சர்ச்சில் உடனே உத்தரவு போட்டார். கேட்டது கிடைத்தது.

சைக்கிளும் வெள்ளிக் கட்டியும்

டூரிங்கின் நடவடிக்கைகள் விசித்திரமாக இருக்கும். மகரந்தத் தூளால் தும்மல் வரும் என்று, முகத்தில் விஷ வாயு முகமூடி மாட்டிக்கொண்டு சைக்கிளில் போவார். தேநீர்க் குவளையை யாரும் எடுத்துவிடாமல் சங்கிலி போட்டுப் பூட்டி வைப்பார்.

அவர் சைக்கிளில் அடிக்கடி செயின் கழலும். கடைக்குப் போய்ப் பழுது பார்க்கவில்லை. எத்தனை சுற்றுக்கு ஒரு முறை கழல்கிறது என்று எண்ணிக் கணக்குப் போட்டார். அந்தச் சுற்று வரும் நேரத்தில் காலை நிறுத்திச் சரி செய்து கொள்வார்.

1940-ல், ஜெர்மன் படை இங்கிலாந்தில் இறங்கிவிடும் என்ற பயம். பாங்கில் உள்ள பணம் என்ன ஆகுமோ என்று டூரிங் நினைத்தார். இரண்டு வெள்ளிக் கட்டிகளை வாங்கினார். பிளெட்ச்லிக்கு அருகே, ஆளில்லாத இடத்தில் புதைத்தார். புதைத்த இடத்தைச் சங்கேத எழுத்தில் குறித்து வைத்துக் கொண்டார்.

யுத்தம் ஓய்ந்தது. வெள்ளியை எடுக்கப் போனார். குறிப்பு கையில் இருந்தது. ஆனால் குறிப்பில் எழுதிய அடையாளங்கள் மாறிப் போயிருந்தன! உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவியையும் தாமே செய்து கொண்டு போய்த் தேடினார். மறுபடியும் மறுபடியும் தேடினார். வெள்ளி கிடைக்கவே இல்லை.

உலகத்தின் மிகக் கடினமான ரகசிய எழுத்தை உடைத்தவருக்கு, தான் எழுதிய குறிப்பைக் கொண்டு தன் பொருளை எடுக்க முடியவில்லை. குறிப்பில் தவறில்லை. குறிப்பு சுட்டிய இடம்தான் பழையபடி இல்லை. குடும்பம் காலி செய்த வீட்டுக்குப் போன மளிகைச் சீட்டின் கதையும் இதுவே.

புதை, தோண்டு

1945 அக்டோபரில், லண்டனை அடுத்த டெடிங்டன் நகரில் தேசியப் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தில் டூரிங் வேலையில் சேர்ந்தார். மனதில் இருந்த எந்திரத்தை நிஜமாகக் கட்டும் வேலை. அந்தக் கம்ப்யூட்டருக்கு ஏ.சி.இ. என்று பெயர். அந்த ஆண்டு முடிவதற்குள் முழுத் திட்டத்தையும் எழுதி முடித்தார்.

அதில் ஒரு அருமையான ஏற்பாடு இருந்தது. பெரிய வேலை நடந்து கொண்டிருக்கிறது. நடுவில் ஒரு சிறு வேலை தேவைப்படுகிறது. எந்திரம் பெரிய வேலையை நிறுத்திவிட்டுச் சிறு வேலைக்குப் போக வேண்டும். முடிந்ததும், விட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். விட்ட இடத்தை எப்படி நினைவில் வைப்பது?

போகும் முன் திரும்பி வரும் விலாசத்தை ஓரிடத்தில் எழுதி வைத்துவிடு. முடிந்ததும் அதை எடுத்துப் பார்த்துத் திரும்பு. இதுதான் டூரிங் சொன்ன வழி. எழுதி வைப்பதற்கு அவர் வைத்த பெயர் புதைத்தல். எடுப்பதற்கு வைத்த பெயர் தோண்டுதல்!

சிறு வேலைக்குள் இன்னொரு சிறு வேலை வந்தாலும் கவலையில்லை. அடுக்கி வைத்த தட்டுகளில் கடைசியாக வைத்த தட்டை முதலில் எடுப்பது போல, கடைசியாகப் புதைத்ததை முதலில் தோண்ட வேண்டும். இன்று உலகில் உள்ள கம்ப்யூட்டர்கள் எல்லாம் இந்த அடுக்கு முறையைத்தான் பின்பற்றுகின்றன.

ஆனால் எந்திரம் கட்டும் வேலை ஆமை வேகத்தில் நடந்தது. டூரிங் பொறுமை இழந்தார். மனதின் பாரத்தை ஓடித் தீர்த்தார். 1947-ல் மராத்தான் பந்தயத்தில் 2 மணி 46 நிமிடத்தில் ஓடி ஐந்தாவதாக வந்தார்! 1948-ல் வேலையை விட்டு, பேராசிரியர் நியூமன் அழைத்த மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1950-ல் ஏ.சி.இ. எந்திரத்தின் சிறிய வடிவம் ஓடியபோது டூரிங் அங்கே இல்லை.

சரி பார்க்கும் கலை

1936 கட்டுரையில் டூரிங் கசப்பான உண்மை ஒன்றையும் நிரூபித்திருந்தார். எந்தச் சீட்டைக் கொடுத்தாலும் அது கடைசியில் எப்படி நடந்து கொள்ளும் என்று தவறாமல் சொல்லிவிடும் ஒரு பொதுவான எந்திரம் இருக்கவே முடியாது. எல்லாச் சீட்டுகளையும் சோதிக்கும் மந்திரக் கண்ணாடி கிடையாது.

அப்படியானால் கம்ப்யூட்டரை எப்படி நம்புவது? அதற்கும் டூரிங்கே வழி சொன்னார். 1949 ஜூன் 24-ந்தேதி கேம்பிரிட்ஜில் நடந்த மாநாட்டில் ஒரு சிறு கட்டுரை படித்தார். பெரிய கட்டளைத் தொகுதியைச் சரி பார்ப்பது எப்படி என்பது பொருள்.

அவர் காட்டிய உதாரணம், பள்ளிப் பிள்ளைகளின் கூட்டல் கணக்கு. பெரிய கூட்டலில் விடையை மட்டும் எழுதினால், சரி பார்ப்பவர் முழுக் கணக்கையும் மறுபடி போட வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் மனதில் வைத்த எண்ணையும் மேலே குறித்திருந்தால், வரிசை வரிசையாகத் தனித்தனியே சரி பார்த்துவிடலாம்.

அது போலவே, எழுதுபவர் ஒவ்வொரு கட்டத்திலும் இங்கே இன்னது உண்மையாக இருக்க வேண்டும் என்று உறுதிமொழி எழுதி வைக்க வேண்டும். சரி பார்ப்பவர் அந்த உறுதிமொழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் போதும். இதுதான் டூரிங்கின் யோசனை. பல வருடங்கள் யாரும் இதைக் கவனிக்கவில்லை. பிற்காலத்தில் வந்தவர்கள் இதே வழியைத் தாங்களாகவே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மளிகைச் சீட்டு ஆபத்துக்கு இன்றைய கம்ப்யூட்டர் எழுத்தாளர்கள் செய்யும் பரிகாரங்களும் இப்படிப்பட்ட உறுதிமொழிகளே.

முதல் வழி: வீட்டைச் சுட்டாமல், வேண்டிய விவரத்தை எல்லாம் சீட்டிலேயே நகல் எடுத்து எழுதிவிடுவது. வீடு காலியானாலும் கவலையில்லை. ஆனால் வீட்டில் பிறகு நடக்கும் மாறுதல் சீட்டுக்குத் தெரியாது.

இரண்டாவது வழி: சீட்டு நிலுவையில் உள்ள வரை வீட்டைக் காலி செய்யக் கூடாது என்று நிபந்தனை போடுவது. பத்திரமான வழிதான். ஆனால் சீட்டை யாரோ மறந்து பெட்டியில் போட்டுவிட்டால், வீடு என்றைக்கும் காலியாகாது. இடம் வீணாகும்.

மூன்றாவது வழி: பையன் முதலில் கதவைத் தட்டி, இன்னார் இருக்கிறாரா என்று கேட்க வேண்டும். இருந்தால் சாமானைக் கொடுக்கலாம். இல்லையென்றால் பேசாமல் திரும்பிவிட வேண்டும். சி பிளஸ் பிளஸ் என்ற மொழியில் 2011 முதல் இந்த மூன்றுக்கும் முறையான வசதி உண்டு.

நான்காவது வழி எல்லாவற்றிலும் கண்டிப்பானது. சீட்டை வாங்கும்போதே கடைக்காரர் பார்க்கிறார். சாமான் போய்ச் சேரும் நாளுக்கு முன்பே வீடு காலியாகலாம் என்று தோன்றினால், சீட்டையே வாங்க மறுத்துவிடுகிறார். 2015-ல் முதல் பதிப்பு வந்த ரஸ்ட் என்ற மொழி இந்த வகையைச் சேர்ந்தது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைச் சீட்டு எழுதுபவர்தான் யோசித்து முடிவு செய்ய வேண்டும். கம்பெனியில் பிள்ளைகள் இரவு வெகு நேரம் விழித்திருந்து தேடும் பிழைகளில் பழைய சீட்டுப் பிழையும் ஒன்று.

கோர்ட்டில் மேதை

மான்செஸ்டரில் டூரிங் கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் முறையைப் புத்தகமாக எழுதினார். எந்திரம் சிந்திக்குமா என்று ஆராய்ந்து 1950-ல் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. 1951-ல் ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தது. விஞ்ஞானிகளுக்கு அது மிகப் பெரிய கௌரவம்.

அடுத்த வருடமே இடி விழுந்தது.

1952 ஜனவரியில் அவர் வீட்டில் திருட்டு நடந்தது. டூரிங் போலீசில் புகார் கொடுத்தார். விசாரணையில், அவருக்கு வேறொரு ஆணுடன் உறவு இருந்தது தெரிய வந்தது. அவர் எதையும் மறைக்கவில்லை. அன்றைய இங்கிலாந்தில் அது குற்றம். புகார் கொடுக்கப் போனவர் குற்றவாளி ஆனார்!

1952 மார்ச் 31-ந்தேதி வழக்கு நடந்தது. சிறைக்குப் போவதா, அல்லது ஊசி மருந்து போட்டுக் கொள்வதா என்ற நிலை வந்தது. டூரிங் மருந்தை ஏற்றார். பெண்மைக்குரிய சுரப்பு மருந்தை ஒரு வருட காலம் அவர் உடம்பில் ஏற்றினார்கள். உடம்பு மாறியது. ரகசியப் பணிகளில் இருந்தும் அவரை விலக்கி வைத்தார்கள்.

யுத்தத்தில் அவர் செய்த சேவையைக் கோர்ட்டில் விவரமாக எடுத்துச் சொல்ல வழியில்லை. ஏனென்றால் பிளெட்ச்லி ரகசியம் அப்போதும் ரகசியமாகவே இருந்தது.

டூரிங் சோர்ந்து உட்காரவில்லை. செடிகளிலும் மிருகங்களிலும் புள்ளியும் கோடும் எப்படித் தோன்றுகின்றன என்று கணக்குப் போட்டார். உயிரியல் அறிஞர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

பாதி கடித்த ஆப்பிள்

1954 ஜூன் 8-ந்தேதி காலை, வீட்டு வேலை செய்யும் அம்மாள் வந்து பார்த்தார். படுக்கையில் டூரிங் இறந்து கிடந்தார். முந்தைய நாளே உயிர் பிரிந்திருந்தது. பக்கத்தில் பாதி கடித்த ஆப்பிள். உடலில் சயனைடு விஷம்.

தற்கொலை என்று விசாரணை அதிகாரி முடிவு கூறினார். தாயார் அதை ஏற்கவில்லை. வீட்டில் ரசாயனப் பரிசோதனை செய்யும் வழக்கம் உள்ளவன், அஜாக்கிரதையால் விஷம் உள்ளே போயிருக்கும் என்று கடைசி வரை நம்பினார். 42-வது பிறந்த நாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மகன் போய்விட்டான்.

போத்தனூரில் பிறந்த அந்தத் தாயார் மகனின் வாழ்க்கை வரலாற்றைத் தாமே எழுதி 1959-ல் வெளியிட்டார். அதில் யுத்த காலப் பகுதி காலியாகவே இருந்தது என்று சொல்லலாம். மகன் அங்கே என்ன செய்தான் என்பது அப்போது அவருக்கும் தெரியாது. 1974-ல்தான் பிளெட்ச்லி ரகசியம் வெளி உலகத்துக்கு வந்தது. அப்போது தாயாருக்கு வயது 90-க்கு மேல். 1976-ல் அவர் காலமானார்.

மன்னிப்பும் மரியாதையும்

2009-ல் இங்கிலாந்துப் பிரதமர் கார்டன் பிரவுன், டூரிங்குக்கு இழைத்த கொடுமைக்காக அரசாங்கத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். 2013 டிசம்பரில் எலிசபெத் மகாராணி அவருக்கு மன்னிப்பு வழங்கினார். 2021 ஜூன் 23-ந்தேதி, அவருடைய பிறந்த நாளில், அவர் படம் போட்ட 50 பவுண்டு நோட்டு வெளிவந்தது.

டூரிங்கைத் தண்டித்தது போன்ற சட்டத்தை வெள்ளையர்கள் இந்தியாவுக்கும் கொண்டு வந்திருந்தார்கள். மனம் ஒத்த வயது வந்தவர்களுக்கு அது பொருந்தாது என்று 2018 செப்டம்பர் 6-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

கம்ப்யூட்டர் துறையின் மிக உயர்ந்த பரிசுக்கு டூரிங் விருது என்று பெயர். 1966 முதல் வழங்கி வருகிறார்கள். 1994-ல் அந்த விருதைப் பெற்ற இருவரில் ஒருவர் ராஜ் ரெட்டி. அவர் சென்னை கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் படித்தவர்!

கிண்டிக்கும் செம்பாக்கத்துக்கும் வெகு தூரமில்லை. செம்பாக்கத்துப் பிள்ளைகள் எழுதும் சீட்டு இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள எந்திரங்களில் நிறைவேறுகிறது. எழுதியவர் தூங்கும் நேரத்தில் அது வேலை செய்கிறது.

யாருக்காக இந்த வேலை, அவர் இன்னும் அங்கே இருக்கிறாரா, முடிந்ததும் எங்கே திரும்புவது, சரி என்பதற்கு என்ன அத்தாட்சி என்று நான்கையும் யோசித்து எழுதியவரின் சீட்டு பிசகாது. கம்ப்யூட்டருக்கு மட்டுமல்ல, பிறரிடம் வேலையை ஒப்படைக்கும் யாருக்கும் இது பொருந்தும்.